ரெங்கம்மாள் கொத்தை எதிர்த்து ஓடிய செயின் வண்டி

பரிதிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. வாய்க்கால் கரையில் நின்ற லோடு ஆட்டோவிலிருந்து அந்த வண்டி இறங்கியதும், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். வயது இருபத்தைந்து. பி.ஈ. மெக்கானிக்கல். நடுப்படுகை கிராமத்துக் கீழத்தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அங்கியும் தொப்பியுமாக அவன் நிற்கும் படம் மாரியம்மன் கோயில் முக்கில் ஆறு மாதம் ஃபிளெக்ஸ் பேனராக ஆடியது. பிறகு யாரோ வைக்கோல் போரை மூட அவிழ்த்துப் போனார்கள். அப்படிப்பட்ட பட்டதாரி நடுக்கரையில் பம்பரம் போலச் சுற்றுவதை, மடையில் மண்வெட்டியோடு நின்ற துரைராசு வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். பக்கத்து வயலெல்லாம் அவர் குத்தகைக்குச் செய்வதுதான்.

"என்னடா தம்பி, சாமி கீமி வந்துருச்சா?"

"சாமி இல்லண்ணே, வண்டி வந்துருச்சு!"

வண்டி என்றால் மின்சார டர்ட் பைக். கொடைக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சுற்றுலா வந்தவர்களைச் சுமந்து ஓய்ந்தது. பெட்ரோல் டாங்க் இல்லை, சைலன்சர் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்பதால், ரோட்டில் அது ஆட்டோ ஏறித்தான் போக வேண்டும்; வயலில் இறங்கிவிட்டால் ராஜா. அதை வாங்கியது இரண்டு பேர் சேர்ந்து. ஒருவன் பரிதி. இன்னொருவன் ஹாஜா மைதீன். கூத்தாநல்லூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன், கல்லூரியில் நாலு வருஷமும் பரிதிக்குப் பக்கத்து இடம். கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஷெட்டில் மின்சார வண்டிகளுக்கென்று ஒரு பட்டறை போட வேண்டும், இந்த வண்டியை வயல் வேலைக்குத் தோதாக மாற்றிக் காட்டி அதைத் தொடங்க வேண்டும் என்பது இருவரின் திட்டம்.

திட்டத்துக்கு ஒரே ஒரு இடைஞ்சல். பரிதிக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவன் அம்மா ரெங்கம்மாள் அந்த வேலைக்கடிதத்தை லேமினேட் செய்து, டிவிக்கு மேலே சாய்த்து வைத்திருந்தாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் கையில் கொடுப்பாள்.

அன்றைக்குப் புதன்கிழமை.

வண்டியின் அமைப்பு படு சுலபம். மோட்டாரில் சின்னதாக ஒரு பல்சக்கரம், பின் டயரோடு சேர்ந்தாற்போல் பெரிதாக ஒரு பல்சக்கரம், இரண்டையும் சுற்றி உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட். கியர் போடுவது, கிளச்சு பிடிப்பது ஒன்றும் கிடையாது. கையை முறுக்கினால் போகும். பரிதி முறுக்கினான். சத்தமே இல்லை! காதில் காற்று, தவளை, தூரத்தில் டிராக்டர், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்க, வரப்பும் வாய்க்காலும் பனைமரமும் தாமாகப் பின்னால் ஓடுவது போலிருந்தது. "ஹாஜா, பறக்குதுடா!" என்று கத்தினான், அந்தக் கத்தல் வண்டியைவிடப் பெரிய சத்தம்.

அதே வரப்பில் முன்னால் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தவள் செவ்வந்தி. நடவுக்குப் போகும் பெண்கள் குழுவான ரெங்கம்மாளின் நடவுக் கொத்தில் ஒருத்தி. முதுகுக்குப் பின்னால் கத்தல் கேட்டுத் திரும்பினாள். மூன்று முழத் தூரத்தில் ஒரு சக்கரம். புல்லுக்கட்டு ஒரு பக்கம், செவ்வந்தி வாய்க்காலில்.

"அடப் பாவி! பேயாட்டம் வர்றியே, ஒரு ஹாரனாவது அடிக்கக் கூடாதா?" இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கேட்டாள்.

"ஹாரன் இல்லக்கா!"

"சத்தமும் இல்ல, ஹாரனும் இல்ல. என்னத்தடா வாங்கிட்டு வந்த, பொம்பளங்களத் தள்ளி விடுறதுக்கா?"

பரிதி நின்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பறக்கிற மயக்கத்தில் நிற்கத் தோன்றவில்லை. சேற்றிலும் போகும் என்று துரைராசுக்குக் காட்ட, புதிதாகச் சேறடித்த வயலுக்குள் வண்டியை இறக்கினான்.

இந்தப் பக்கத்துக் களிமண்ணைப் பற்றிக் கொடைக்கானல் வண்டிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நெய் விட்டுக் கிளறிய அல்வா போன்ற மண். அதில் போன போகத்து நெல் தாளும் கலந்து கிடந்தது. பத்தடி போவதற்குள் டயர் வாரி இறைத்த களி, பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே புகுந்து ஒவ்வொரு பல்லிடுக்கிலும் கெட்டியாக உட்கார்ந்தது. போக வழியில்லை, பெல்ட்டில் ஏது ஓட்டை? மண் ஏற ஏற, பெல்ட் விறைத்தது. முனகியது. பரிதி இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

பட்!

வயலிலிருந்த கொக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. அறுந்த பெல்ட் நாகப்பாம்பு மாதிரி துள்ளிப் போய் துரைராசின் மண்வெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் அதைக் காம்பால் புரட்டிப் பார்த்தார்.

"செத்துருச்சுப்பா," என்றார்.

அடுத்த வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ரெங்கம்மாள் முழங்கால் சேற்றோடு வரப்பில் வந்து நின்றாள். ஐம்பது வயது. குட்டையாக ஒரு கட்டை மாதிரி இருப்பாள். குரல் மட்டும் அடுத்த ஊர் வரை போகும். ஆறு பெண்கள் கொண்ட நடவுக் கொத்துக்கு அவள்தான் தலைவி. யார் வயலில் என்றைக்கு இறங்குவது என்று பேசி முடிப்பவளும் அவளே.

"ஏன்டா, இந்தச் சேத்துல எரும மாடு வால ஆட்டிக்கிட்டு நடந்து போவுது. ஒன் பி.ஈ. வண்டி பத்தடியில வாயப் பொளந்துட்டு நிக்கிது?"

வண்டியை இழுத்துக்கொண்டிருந்த ஹாஜா வாயை மூடிக்கொண்டு சிரித்தான். பரிதிக்குச் சுருக்கென்றது.

"பெல்ட்டுதாம்மா போச்சு, வண்டி போவல. மாத்திட்டா இது நாத்து தூக்கும். நீங்க ஆறு பேரு கழுத்து ஒடியத் தூக்குறத இது ஒத்தையா தூக்கும்."

"தூக்கும்?"

"தூக்கும்."

"வரப்புல வண்டி ஓட்டுறதுக்காடா நான் ஒன்னய தஞ்சாவூர் அனுப்பிப் படிக்க வச்சேன்?" என்று கேட்டாள் ரெங்கம்மாள். அந்தக் கேள்வி மட்டும் அடுத்த ஊருக்குக் கேட்காத குரலில் வந்தது. உடனே பழைய குரலுக்குத் திரும்பிக்கொண்டாள். "சரி, பாத்துருவோம். சனிக்கெழம நம்ம துரைராசு வயல்ல நடவு. ரெண்டு மாவுக்கு நாங்க நாத்து தூக்குறோம். ரெண்டு மாவுக்கு நீ தூக்கு. நீ முந்துனா இங்கயே இருந்து பட்டறையோ கிட்டறையோ போட்டுக்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். நாங்க முந்துனா ஞாயித்துக்கெழம பஸ் ஏறிரணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றான் பரிதி, யோசிக்காமல்.

"எனக்குச் சம்மதமான்னு யாரும் கேக்கலியே," என்றார் துரைராசு. "வாய்க்கால்ல முறைத் தண்ணிய ஞாயித்துக்கெழம சாயந்தரத்தோட அடைக்கிறான். நடவு நின்னு போச்சுன்னா?"

"ஒங்க நடவு நிக்காது, நான் பொறுப்பு," என்றாள் ரெங்கம்மாள்.

வீட்டில் அப்பா இராஜாங்கத்திடம் வழக்குப் போனது. அவர் எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறவர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளாக நின்றதால், "ரெண்டும் சரிதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வியாழக்கிழமை முழுக்க ஹாஜாவின் கடையில் வாக்குவாதம். பரிதிக்குப் பெல்ட்டை விட மனசில்லை. எண்ணெய் போட வேண்டாம், சத்தம் இல்லை, முதல் நாள் அது பறந்த பறப்பு இன்னும் உடம்பில் இருந்தது.

"இன்னொரு பெல்ட்டு வரவழைப்போம்டா."

"வரட்டும். பெங்களூர்லேர்ந்து வரப் பத்து நாள் ஆவும். அதுக்குள்ள நீ ஒரகடத்துல கேன்டீன் சாம்பார் நல்லா இல்லன்னு எனக்கு வாட்ஸ்அப் அனுப்பிட்டிருப்ப," என்றான் ஹாஜா. மேசை மேல் ஒரு பழைய செயினை எடுத்துப் போட்டான். "இதப் பாரு மாப்ள. கண்ணிக்குக் கண்ணி ஓட்டை. சேறு உள்ள போனாலும் பல்லு குத்திப் பிதுக்கி வெளிய தள்ளிரும். ஒன் பெல்ட்டு என்ன பண்ணுச்சு? வாங்கி வாங்கி உள்ள வச்சுக்கிச்சு."

"கரகரன்னு சத்தம் வருமேடா."

"வரட்டுமே. செவ்வந்தி அக்கா வாய்க்கால்ல விழாம இருக்கும்ல?"

செயின் என்று முடிவானது. பின்சக்கரத்துக்கு அறுபத்தாறு பல் ஸ்பிராக்கெட், அதாவது பல்சக்கரம், எந்தக் கடையிலும் கிடைக்காது. திருவாரூரில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தகட்டில் வெட்டி வாங்கினார்கள். சாதாரண பைக் செயின் இரண்டை வெட்டி ஒன்றாகச் சேர்த்தார்கள். முன்னால் மோட்டாருக்குப் பன்னிரண்டு பல் போடுவதா, பதினாலு போடுவதா என்பதில் மறுபடியும் சண்டை.

விஷயம் இதுதான். முன் பல்சக்கரத்தில் பல் குறையக் குறைய, பின் டயரை ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் அதிகச் சுற்று ஓட வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும். பரிதி ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் கணக்குப் போட்டான். சக்கரத்தின் விட்டம், முடி என்கிற நாற்றுக்கட்டின் எடை, வரப்பின் நீளம், வாய்க்கால் கரையின் ஏற்றம், எல்லாம் அதில் இருந்தது.

"நாப்பது முடி நாத்து, ஈரத்தோட அறுபது கிலோ. நான் அறுபத்தி நாலு. கரை ஏறணும். பன்னெண்டுதான் போடணும்."

"கரைக்குச் சரி. சேத்துல இழுவை கூடுனா சக்கரம் உழும்டா, ஓடாது. பதினாலு போடு, பதமாப் போவும். டிராக்டர் ஓட்டுறவங்களக் கேட்டுப் பாரு."

"டிராக்டர் ஓட்டுறவரு மெக்கானிக்கல் படிச்சாரா?"

"நான் படிச்சேன்டா."

"நீ ரெண்டு அரியர்."

அரியர் என்ற சொல்லோடு வாக்குவாதம் முடிந்தது. பன்னிரண்டு பல் வண்டியில் ஏறியது. பதினாலு பல்லை ஹாஜா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இது என்கிட்ட இருக்கட்டும்," என்றான்.

வெள்ளிக்கிழமை வரப்பில் ஓட்டிப் பார்த்தபோது பரிதிக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டால் துள்ளியது. இரண்டு மூட்டை உரத்தைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நேரே ஏறியது. ஒரு தடவை முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பி, பரிதி வானத்தைப் பார்த்தபடி இருபதடி போனான். செயின் கரகரவென்று அரைத்த சத்தத்தில் வரப்பில் வந்த ஆட்கள் முன்கூட்டியே ஒதுங்கினார்கள். செவ்வந்தி மட்டும் ஒதுங்கும்போதே, "வர்றார்யா, வர்றார்யா, கலெக்டரு வர்றாரு," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பரிதி அவளுக்கு சல்யூட் அடித்தான். அடித்த கையை ஹேண்டில்பாருக்குத் திருப்புவதற்குள் ஒரு எருக்கஞ்செடி நசுங்கியது. அன்றைக்கு ஜெயித்துவிட்டவன் போலவே தூங்கினான்.

சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். நாற்றங்காலில் முதல் நாளே பறித்துக் கட்டிய முடிகள் அடுக்கடுக்காகப் பச்சையாக நின்றன. அங்கிருந்து நடவு வயலுக்கு அரை கிலோமீட்டர் வரப்பு, நடுவில் வாய்க்காலின் மேல் ஒரு சிமெண்ட் பலகை. மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. கொத்துக்கு இரண்டு மா, வண்டிக்கு இரண்டு மா. பக்கத்துக்கு இருநூற்று நாற்பது முடி. வண்டிக்குப் பரிதியும் ஹாஜாவும். துரைராசு தலைப்பாகையோடு நடுவர்.

ஆரம்பிக்கும் முன் ரெங்கம்மாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் எலுமிச்சம்பழம், குங்குமம், ஒரு முழம் கதம்பம்.

"என்னம்மா இது? நீ எதிர்க்கட்சி!"

"எதிர்க்கட்சிதான். அதுக்காக வெறும் வண்டியில ஏறுவியா?" என்றபடி ஹெட்லைட்டில் பொட்டு வைத்தாள், சக்கரத்தடியில் பழத்தை வைத்தாள், கதம்பத்தை வாகான இடம் தேடி சீட்டுக்குக் கீழே கட்டினாள். பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஏய், கூடையத் தூக்குங்கடி!" என்று குரல் கொடுத்தாள்.

ஆறு பெண்களும் ஆளுக்குப் பத்து முடியோடு ஒரே வரிசையில் கிளம்பினார்கள். ஓடவில்லை. அவர்கள் நடை, வரப்பில் விரலை அழுத்தி நடக்கிற, பார்த்தால் மெதுவாகத் தெரிந்து முந்திப் போய்விடுகிற நடை. பரிதியின் வண்டியில் இரண்டு பக்கமும் தொங்கிய உரச்சாக்கில் ஹாஜா நாற்பது முடியை அடைத்தான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி பாய்ந்தது.

இருநூறடி போவதற்குள் கதம்பம் அவிழ்ந்து செயினில் மாட்டியது. பரிதிக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாழை நார், மல்லிகை, மரிக்கொழுந்து எல்லாவற்றையும் செயின் ஒரு சுற்றில் கடித்துத் துப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஓடியது. பின்னால் பூ பறந்தது. பெல்ட்டாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். "செயின்டா! செயின்டா!" என்று கத்திக்கொண்டே பெண்களைப் பக்கத்து வரப்பில் தாண்டினான். மேலெல்லாம் மரிக்கொழுந்து வாசம்.

இரண்டாவது நடை, மூன்றாவது நடை. ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் பெண்கள் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். "தம்பி, எங்களையும் ஏத்திக்கிட்டுப் போயேன்!" "அக்கா, ஒம் புள்ள நம்ம முடிக்கிறதுக்குள்ள சிங்கப்பூரே போய்ட்டு வந்துரும்!" ரெங்கம்மாள் மட்டும் தலைச்சுமையோடு நேரே பார்த்து நடந்தாள்.

ஆறாவது நடையில் பரிதியின் கடைசி முடி வயலின் வரப்பை அடைந்தது. கொத்துக்கு இன்னும் ஒரு நடை பாக்கி. பரிதி வண்டியை ஸ்டாண்டில் போட்டு சீட் மேல் ஏறி நின்றான்.

"முடிஞ்சிருச்சு! அண்ணே, சொல்லுங்க, முடிஞ்சிருச்சு!"

துரைராசு வாயைத் திறப்பதற்குள் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ரெங்கம்மாள் நின்றாள்.

"என்னடா முடிஞ்சிது? குப்ப கொட்டுன மாதிரி மூலையில கொட்டி வச்சிருக்க. நடுறவ ஒவ்வொரு முடிக்கும் கரைக்கு வந்துட்டு வந்துட்டுப் போவாளா?"

பரிதி திரும்பிப் பார்த்தான். கொத்தின் வயலில், நாலு தப்படிக்கு ஒன்றாக, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் முடிகள் சேற்றில் நிமிர்ந்து நின்றன. கொண்டுவந்த கையோடு எறிந்துகொண்டே வந்திருக்கிறார்கள். அதுதான் நாற்று தூக்குகிற வேலையின் பின்பாதி. அவனுக்குத் தெரியாததல்ல, ஆறாவது படிக்கும்போது லீவு நாளெல்லாம் அவனே எறிந்திருக்கிறான். தாளின் இரண்டு பக்கக் கணக்கிலும் அது மட்டும் ஏறவில்லை.

சீட்டிலிருந்து குதித்தான். "ஹாஜா, சாக்குல அள்ளிப் போடு!"

"கையால எறிவோம்டா!"

"கையால எறிஞ்சா வண்டி எதுக்கு?"

வண்டி சேற்றில் இறங்கியது. முறுக்கினான். பன்னிரண்டு பல்லின் இழுவை முழுதும் பின்சக்கரத்தில் வந்து விழுந்தது. சக்கரம் முன்னால் போவதற்குப் பதிலாகக் கீழே போனது. இரண்டு விநாடியில் ஒரு கிணறு. பின்னால் நின்ற ஹாஜாவின் மேல் தலை முதல் கால் வரை களி. கண் இரண்டும் பல்லும்தான் தெரிந்தன.

"உழுதுருச்சா?" என்று கேட்டான் ஹாஜா, மிகப் பொறுமையாக.

"உழுதுருச்சு."

"நான் ரெண்டு அரியர்தானே?" என்றபடி சட்டைப்பையில் கையை விட்டு, களி வழியும் பதினாலு பல் சக்கரத்தை எடுத்து நீட்டினான்.

இரண்டு பேரும் வண்டியைத் தூக்கி வரப்பில் சாய்த்தார்கள். மூடியைக் கழற்றி, பின் அச்சைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, பன்னிரண்டை உருவிப் பதினாலை மாட்டி, செயினை ஏற்றி, இறுக்கி... இந்த வேலையில் பரிதியின் கைக்குத் தனி வேகம் உண்டு; சேற்றில் விழுந்த நட்டைப் பார்க்காமலே துழாவி எடுத்தான். "ஒம்பது நிமிசம்," என்றார் போனைப் பார்த்த துரைராசு, நடுவர் என்பதை மறந்து.

இப்போது வண்டி பாயவில்லை. மெல்ல முறுக்க, கழுத்தளவுத் தண்ணீரில் நடக்கிற மாடு போல, பதமாகச் சேற்றில் நகர்ந்தது. பரிதி ஒரு கையால் ஓட்டி, மறு கையால் முடியை எடுத்து எறிந்தான். முதல் முடி தலைகீழாக விழுந்தது. இரண்டாவது துரைராசின் வேட்டியில். பிறகு கை பழகி, ஹாஜாவும் கூட எறிய, பாதி வயல் தாண்டியபோது கொத்து கடைசி நடையோடு வந்துவிட்டது. ஆறு பேரும் சிரித்துக்கொண்டே எறிந்தார்கள். ஒவ்வொன்றும் வேர் கீழே, தலை மேலே, நிறுத்தி வைத்தது போல. ரெங்கம்மாள் கடைசி முடியை எறிந்தபோது பரிதியின் வயலில் எழுபது முடி பாக்கி.

"கொத்துதான்," என்று தீர்ப்புச் சொன்னார் துரைராசு, வேட்டியைப் பிழிந்தபடி.

பெண்கள் குலவையிட்டார்கள். பரிதி வண்டியை நிறுத்தினான். இத்தனை நாள் பறந்துகொண்டிருந்தவனின் கால் அப்போதுதான் முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. தோற்றால் பஸ் ஏற வேண்டும் என்பது பந்தயம்.

"நாளைக்கு பஸ்ஸு," என்றாள் ரெங்கம்மாள்.

"சரிம்மா."

செவ்வந்தி சும்மாட்டை உதறிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். "அனுப்புக்கா, வேணாங்கல. நாலு நடையில எனக்குக் கழுத்து கழண்டு போச்சு. அது ஆறு நடையும் ஒக்காந்துக்கிட்டே போய்ட்டு வந்துருச்சு. நாத்து தூக்குறதுக்குத் தனிக் கூலியா தர்றாங்க? நடவோட சேந்த வேலதானே? தம்பி போனா அந்த வண்டிய யாரு ஓட்டுவா? நீ ஓட்டுவியா?"

"ஏன், ஓட்ட மாட்டேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரெங்கம்மாளுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பத்து வருஷமாக மொபெட்டில் நடவுக்கு ஆள் கூப்பிடப் போகிறவள் அவள். சேலையை வரிந்து கட்டினாள்.

"அத வரப்புல ஏத்துங்கடா."

"அம்மா, வேணாம்மா. இது மொபெட் மாதிரி இல்ல."

"ஏத்துடான்னா."

ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்தாள். முறுக்கினாள். "யம்மாடி!" என்ற ஒரு கூவல் வரப்பின் மேல் நீளமாகக் கோடு போட்டது போல ஓடியது. சேலை முந்தானை கொடி மாதிரி பறக்க, செயின் கரகரக்க, சிமெண்ட் பலகை தடதடக்க, ரெங்கம்மாள் சின்னதாகிக்கொண்டே போனாள். பரிதியும் ஹாஜாவும் பின்னால் ஓடினார்கள். ஓடி என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியாது. அவள் நாற்றங்கால் வரை போய், அங்கே ஒரு வட்டம் அடித்து, எதிரே வந்து, அவர்களைத் தாண்டிப் போய், வயல் தலைப்பில் காலை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் காற்று. மூச்சு வாங்கச் சிரித்தாள். சிரிப்பை நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. கொத்தில் இருந்தவர்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பரிதி ஓடி வந்து சேர்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"இது இன்னும் வேகமாப் போவுமா?"

"போவும். முன்பல்ல மாத்துனா போவும். பதினஞ்சு, பதினாறு போடலாம்."

"சேத்துக்கு?"

"சேத்துக்கு இதே பதினாலு. கரை ஏறுறதுக்கு மட்டும்னா பன்னெண்டு."

"அப்ப ஒவ்வொரு எடத்துக்கும் ஒவ்வொரு பல்லு?"

"ஆமாம்மா."

"அத மாத்துறதுக்கு ஒம்பது நிமிசம்."

"பழகுனா அஞ்சு நிமிசம்."

ரெங்கம்மாள் இறங்காமல் யோசித்தாள். செயினைக் குனிந்து பார்த்தாள், மகனின் கறுத்த விரல்களைப் பார்த்தாள்.

"ஓட்டுறதுக்கு எனக்கு நீ வேணாம். நானே ஓட்டுவேன். செவ்வந்திக்குக் கத்துக் குடுத்தா அவளும் ஓட்டுவா. வரப்புல வண்டி ஓட்டவா படிக்க வச்சேன்னு நான் கேட்டது தப்பில்ல."

"தப்பில்லம்மா."

"ஆனா கணக்குப் போட்டுப் பல்லு மாத்த எங்களுக்குத் தெரியாதே. அதுக்குப் படிச்ச ஆளு வேணும்ல?" என்றாள். கொத்தைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி, வேணுமா வேணாமா?"

"வேணும்!" என்றன ஐந்து குரல்கள். துரைராசும் சேர்த்து ஆறு.

"ஜெயிச்சது நீங்கதானேம்மா?"

"ஜெயிச்சதுனாலதான்டா சொல்றேன். தோத்திருந்தா நான் சொல்லக் கூடாது. போனப் போடு அந்தக் கம்பெனிக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடு."

சேற்றுக் கையோடு போட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: "ஹலோ, ஹெச்.ஆர்.லேர்ந்து ஷோபனா பேசுறேன்."

"மேடம், நான் பரிதி, மண்டே ஜாயினிங். வந்து... என்னால ஜாயின் பண்ண முடியல மேடம். சாரி."

"என்ன சார், கடைசி நேரத்துல? வேற ஆஃபர் எதுவும் வந்துருச்சா?"

"ஆமாம்மா, நாங்கதான்!" என்றாள் செவ்வந்தி போனுக்குள் தலையை விட்டு.

"யாரு பேசுறது? எத்தன பேர் இருக்கீங்க அங்க?"

"நடவுக் கொத்து. ஆறு பேரு," என்றாள் ரெங்கம்மாள். "பையன் இங்க எலக்ட்ரிக் வண்டிக்கு இஞ்சினியரு. வண்டி நாத்து தூக்குது. அத விட்டுட்டு வர முடியாது தாயி, கோவிச்சுக்காத."

எதிர்ப்பக்கத்துக் குரல் தாழ்ந்து, ஆபீஸ் தமிழ் கழன்று விழுந்தது. "குறுவை நடவா? நான் திருவிடைமருதூர்ங்க. எங்க வீட்லயும் நாளைக்கு நடவு, ஆளே கெடைக்கலன்னு அப்பா பொலம்புறாரு. வண்டியா தூக்குது? சேத்துலயா? புதையாதா?"

"பன்னெண்டு பல்லுல பொதையும்," என்றான் ஹாஜா, களி முகத்தோடு. "பதினாலுல பொதையாது. அத மொதல்லயே நான் சொன்னேன்!"

ஷோபனா அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. மெயில் ஒன்று அனுப்பிவிடுங்கள் என்றாள், அப்படியே அந்த வண்டியின் வீடியோவும் என்றாள்.

"பேசுனது போதும், வைடா," என்று ரெங்கம்மாள் வண்டியைத் திருப்பினாள். "நாத்து வாடுது. ஒன் வயல்ல இன்னும் எழுவது முடி கெடக்கு, எறங்கி எறி. வேரு கீழ இருக்கணும்!"

சொல்லிவிட்டு அவள் முறுக்கியதில் மூன்று பேர் மேல் சேறு தெறித்தது. பரிதி அதைத் துடைக்கவில்லை. எழுபது முடியையும் பாடிக்கொண்டே எறிந்தான்.